போர்வெல் கேசிங் ஓட்டையாகி உள்ள லைனர் போட்ட சர்வீஸ்: கேமரா முதல் சீல் வரைக்கும் என் ரிவ்யூ

கேசிங் (போருக்குள்ள மேல் பகுதியில சுவர் மாதிரி நிக்கிற பைப்) டேமேஜ் ஆன போரை மூடிட்டு புதுசா போடாம, உள்ள சின்ன சைஸ் லைனர் பைப் இறக்கி காப்பாத்துற சர்வீஸ் இருக்குல்ல, அதை எங்க வீட்டு போருக்கு பண்ணி ஒரு மழை சீசன் முழுக்க பார்த்தாச்சு, அதனாலதான் இப்ப எழுதுறேன். 5க்கு 4 குடுப்பேன். அந்த 1 எதுக்கு குறைஞ்சதுன்னு பின்னாடி சொல்றேன். ஆனா இதை ஆரம்பத்துலயே சொல்லிடறேன், இந்த வேலையில பைப் இறக்குறது ஒரு விஷயமே இல்ல, பழைய கேசிங்குக்கும் புது லைனருக்கும் நடுவுல இருக்கிற கேப்பை எப்படி அடைக்கிறாங்கங்கறதுதான் முழு வேலையும். அது சரியா இல்லன்னா புது பைப் பளபளன்னு உள்ள நிக்கும், அழுக்கு தண்ணி பாட்டுக்கு அதுக்கு வெளிப்பக்கமா வழிஞ்சு கீழ இறங்கி அடியில நல்ல தண்ணியோட போய் சேர்ந்துக்கும்.

எங்க போர் பழசு. 6 இஞ்ச் இரும்பு கேசிங், சுமார் 60 அடியில பாறையில போய் உக்காந்திருக்கு, அதுக்கு கீழ கேசிங் கிடையாது, வெறும் பாறை ஓட்டைதான். பாறை இருக்கிற எல்லா போரும் கிட்டத்தட்ட இப்படித்தான், மேல இருக்கிற லூஸ் மண்ணு சரிஞ்சு விழாம புடிக்கவும் மேல் தண்ணி உள்ள வராம தடுக்கவும்தான் கேசிங். வெறும் மண்ணு மணலா இருக்கிற பூமின்னா கதையே வேற, அங்க அடி வரைக்கும் கேசிங் போகும், தண்ணி வர்ற இடத்துல கீறல் போட்ட பைப் இருக்கும், சுத்தி ஜல்லி கொட்டியிருப்பாங்க. நான் சொல்றது பாறை போர் பத்தி, இதை மனசுல வச்சு படிங்க.

பிரச்சனை எப்படி தெரிஞ்சதுன்னா, மழை பேஞ்சா அடுத்த நாள் தண்ணி கலங்கலா வரும், ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சுடும். காலையில மோட்டார் போட்டதும் முதல் கொஞ்ச நேரம் செம்மண் கலர், அப்புறம் நார்மல். ஃபில்டர் கேண்டில் அடிக்கடி அடைக்குது. பம்பை ஒரு தடவை சர்வீஸுக்கு தூக்கினப்ப உள்ள சுத்தி தண்ணியை தள்ளுற இம்பெல்லர் மணல் அரிச்சு தேஞ்சு போயிருந்துச்சு. இதையெல்லாம் விட பக்காவான அடையாளம் ஒண்ணு இருக்கு, மோட்டார் ஆஃப்ல இருக்கும்போது போர் மூடியை கழட்டி காதை கிட்ட வச்சு கேளுங்க. உள்ள எங்கயோ தண்ணி சொட்டுற, வழியுற சத்தம் கேட்டுச்சு. பாறை வெடிப்புல இருக்கிற ஊத்து தண்ணி மட்டத்துக்கு மேல இருந்தாலும் இந்த சத்தம் வரும், அதனால சத்தத்தை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது, ஆனா மழைக்கு அப்புறம் சத்தம் ஜாஸ்தியாகி கலங்கலும் சேர்ந்து வந்தா கேசிங்கைத்தான் சந்தேகப்படணும். கேசிங்ல ஓட்டைன்னா வர்றது மண்ணு மட்டும் இல்ல, சாக்கடை, செப்டிக் டேங்க் பக்கத்து தண்ணியும் கூடவே வரும். கண்ணுக்கு தெளிவா தெரியுற தண்ணியிலயும் கிருமி இருக்கலாம். அதனாலதான் இதை வெறும் கலங்கல் பிரச்சனைன்னு விட மனசு வரல.

முதல்ல வந்து பார்த்த ஒரு பார்ட்டி (பேர் வேண்டாம்) மேல நின்னு எட்டிப் பார்த்துட்டு கம்ப்ரஸர் விட்டு ஃப்ளஷ் பண்ணா போதும்னுட்டாங்க. அடியில சேறு தங்கியிருந்தா ஃப்ளஷிங் நல்ல வைத்தியம்தான், நான் ஒத்துக்கறேன். ஆனா துருப்பிடிச்சு மெலிஞ்ச கேசிங்ல காத்தை வேகமா அடிச்சு தண்ணியை ஒரேயடியா வெளிய தள்ளினா உள் பக்கம் காலி, வெளி பக்கம் ஈர மண்ணும் தண்ணியும் அழுத்தம், பைப் உள்பக்கமா நசுங்கலாம் இல்ல இருக்கிற ஓட்டை பெருசாகலாம். உள்ள என்ன இருக்குன்னு பார்க்காமலே மருந்து எழுதுற மாதிரி இருந்துச்சு, வேண்டாம்னுட்டேன். இன்னொருத்தர் பழைய கேசிங்கை ஜாக்கி வச்சு உருவிட்டு புதுசு போடலாம்னார். கேக்க நல்லா இருக்கு, ஆனா பல வருஷமா மண்ணு கவ்வி புடிச்ச துரு பைப்பை இழுத்தா பாதியில பிச்சுக்கிட்டு வரும், மேல் துண்டு கையில வரும், கீழ் துண்டு உள்ளயே நிக்கும், மண்ணு சரிஞ்சு போரே போயிடும். இந்த ரிஸ்க்கை அவர் வாயால சொல்லவே இல்ல, நான் கேட்டப்புறம்தான் ஆமான்னார்.

அப்புறம்தான் இந்த கேமரா டீம் வந்தாங்க. வயசான மேஸ்திரி ஒருத்தர், கூட பசங்க. அவர் வந்ததும் மெஷினை எல்லாம் இறக்கவே இல்ல, முதல்ல வீட்ல ஒரு கண்ணாடி இருந்தா குடுங்க தம்பின்னார். நல்ல வெயில், கண்ணாடியை சாய்ச்சு வெயிலை போருக்குள்ள திருப்பி விட்டார் பாருங்க, டார்ச்ல தெரியாத ஆழம் வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. ஒரு பக்க சுவர்ல ஈரமா பழுப்பு கோடு ஒண்ணு மேல இருந்து கீழ வரைக்கும் இறங்குது. "இங்கதான் எங்கயோ அழுவுது, ஆனா எங்கன்னு கேமரா விட்டாத்தான் தெரியும், மோட்டாரை தூக்கிடுவோம்"னு சொன்னார். கோட்டேஷன்கூட கேமரா பார்த்தப்புறம்தான் தருவேன்னுட்டார், எனக்கு அவர் மேல நம்பிக்கை வந்தது அங்கதான்.

முக்காலி நட்டு செயின் பிளாக் வச்சு மோட்டாரை தூக்கினாங்க, ஒவ்வொரு பைப்பையும் கிளாம்ப் போட்டு புடிச்சுட்டுத்தான் அடுத்ததை கழட்டினாங்க, மோட்டாருக்கு தனியா கட்டியிருந்த கயிறையும் ஒருத்தர் கையில இறுக்கி புடிச்சிருந்தார். தூக்கி முடிச்ச உடனே போர் வாய் மேல கனமான இரும்பு தகடு வச்சு போல்ட்டும் போட்டாங்க. சாப்பிட போற அஞ்சு நிமிஷத்துக்குக்கூட திறந்து வைக்கல. திறந்து கிடந்த போர்ல குழந்தைங்க விழுந்து செத்த செய்தியை எல்லாரும் எத்தனை தடவை படிச்சிருக்கோம், வேலை நடக்கிற நாள்ல இந்த ஒரு விஷயத்துல அலட்சியமா இருக்கிற டீமை தயவுசெஞ்சு வாசலோட திருப்பி அனுப்பிடுங்க.

மோட்டார் தூக்கினதும் தண்ணி கலங்கிடும், அப்ப கேமரா விட்டா வெறும் காபி கலர்தான் தெரியும். ஒரு நாள் முழுக்க தெளிய விட்டு மறுநாள் வந்து விட்டாங்க. கேமரா நேர் கீழயும் பார்க்கும், பக்கவாட்டுலயும் திரும்பும், ஸ்கிரீன்ல எத்தனை அடியில இருக்குன்னு நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும். மேல 20 அடி வரைக்கும் துரு இருந்தாலும் பைப் முழுசா இருக்கு. 30 அடி கிட்ட வந்தப்ப சுவர் பூரா ஆரஞ்சு கலர்ல கட்டி கட்டியா துரு, கேமராவை பக்கவாட்டுல திருப்பினா ஒரு வெல்டிங் ஜாயிண்ட் ஓரமா கட்டை விரல் போற அளவு ஓட்டை, ஓட்டையை சுத்தி பைப் காகிதம் போல மெலிஞ்சு போயிருக்கு, அதுக்குள்ள இருந்து மெல்லிசான வேர் வெளிய வந்து தொங்குது, வேர் நுனியில இருந்து தண்ணி சொட்டுது. பக்கத்துலயே இன்னும் சின்ன சின்ன பொத்தல். அப்புறம் கீழ, கேசிங் பாறையில உக்கார்ற இடத்துலயும் ஒரு பக்கம் லேசா மண்ணு கசிஞ்சு வழியுது, அதாவது போர் போட்ட காலத்துலயே அந்த அடி சரியா சீல் ஆகல.

ஏன் அந்த 30 அடியில மட்டும்னு கேட்டேன். தண்ணி மட்டம் ஏறி இறங்குற இடம் அதுதான்னார். எப்பவும் தண்ணிக்குள்ள இருக்கிற இரும்பு மெதுவாத்தான் துருப்பிடிக்கும், ஈரமும் காத்தும் மாறி மாறி படுற இடம் சீக்கிரம் போயிடும், தண்ணி கொஞ்சம் அமிலத்தன்மையா இருந்தா இன்னும் வேகம். வெல்டிங் ஓரம் வேற, அது எப்பவுமே முதல்ல போற இடம். பிவிசி கேசிங் துருப்பிடிக்காது, ஆனா அதுக்கு வேற வியாதி, ஜாயிண்ட் விலகும், ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் மோட்டார் முறுக்கி உதறி சுவர்ல உரசும், மேல வெயில் படுற பகுதி நொறுங்கும், வண்டி இடிச்சா விரிசல் விடும்.

என்ன பண்ணலாம்னு அவர் வரிசையா சொன்னார். ஓட்டை தரைக்கு பக்கத்துல, ரெண்டு மூணு அடிக்குள்ள இருந்தா சுத்தி தோண்டி கெட்ட துண்டை வெட்டிட்டு புது துண்டு வெல்டு பண்ணிடலாம், பிவிசின்னா கப்ளிங் போட்டு ஒட்டலாம், அதுதான் சுலபமான கேஸ் (ஆனா ஆள் உயரத்துக்கு குழி தோண்டுற நிலைமைன்னா பக்கச்சுவர் சரியாம முட்டு குடுக்காம யாரும் இறங்கக்கூடாது, அதை அவரே அழுத்தி சொன்னார்). ஓட்டை ஒரே இடத்துலதான், மத்தபடி பைப் நல்லா இருக்குன்னா உள்பக்கமா ஒரு ஸ்டீல் ஸ்லீவை விரிச்சு ஒட்டுற பேட்ச் இருக்கு. எங்களுக்கு பல பொத்தல், அடி சீலும் போச்சு, அதனால பேட்ச் வேஸ்ட், லைனர்தான்னு முடிவாச்சு.

சைஸ் விஷயத்துலதான் பலர் மாட்டுவாங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க. எங்க கேசிங் உள்விட்டம் சுமார் 155 மிமீ. லைனர் பிவிசி பைப், வெளிவிட்டம் 114 மிமீ, சுவர் கனம் 5 மிமீக்கு கொஞ்சம் மேல, அதாவது உள்விட்டம் 103 மிமீ வாக்கில. இதுல எஸ்டிஆர்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, வெளிவிட்டத்தை சுவர் கனத்தால வகுத்தா வர்றது, நம்பர் குறைய குறைய பைப் கனம் ஜாஸ்தி. எங்களுக்கு போட்டது 21. எங்க பழைய 4 இஞ்ச் சப்மெர்சிபிளை கேபிள் கார்டோட (பம்பு பக்கவாட்டுல கேபிளை மூடுற தகடு) சேர்த்து அளந்தா 98 மிமீ. கணக்குக்கு போகும், நான் போகும்னே நினைச்சேன். மேஸ்திரி தலையை ஆட்டிட்டு, "போறது போகும் தம்பி, திரும்பி வராது"ன்னார். கேபிள் ஒரு இடத்துல மடிஞ்சாலோ ஒரு சின்ன கல்லு நடுவுல மாட்டினாலோ பம்பு ஆப்பு வச்ச மாதிரி நின்னுடும், அதுக்கப்புறம் போரும் போச்சு பம்பும் போச்சு. அதனால 3 இஞ்ச் பம்புக்கு மாறினோம். இது கூடுதல் செலவு, வீட்டு உபயோகத்துக்கு தண்ணி அளவு போதும், தோட்டம் துரவுன்னு நிறைய இழுக்கறவங்களுக்கு பத்தாது. கேப் எதுக்கு இவ்ளோ விடணும், 5 இஞ்ச் லைனரா போட்டு பழைய பம்பையே இறக்கலாமேன்னு கேட்டேன், கேப் சின்னதானா சிமெண்ட் உள்ள இறங்காது, பாதியில தொங்கிக்கும்னு சொன்னார். அது நியாயம்தான்.

இப்ப அசல் வேலைக்கு வர்றேன். கேசிங் சுவரை ஒயர் பிரஷ் விட்டு தேச்சு துருக்கட்டியை தட்டி, விழுந்ததை வெளிய எடுத்தாங்க. லைனரை கேசிங் முடியற 60 அடியோட நிறுத்தல, பாறைக்குள்ள இன்னும் 15 அடி, மொத்தம் 75 அடிக்கு இறக்கினாங்க, கேமராவுல வெடிப்பு இல்லாத கெட்டி பாறையா பார்த்து அந்த இடத்தை குறிச்சு வச்சிருந்தாங்க. நல்ல ஊத்து எல்லாம் அதுக்கு கீழதான், அதை முதல்லயே செக் பண்ணாங்க, இல்லன்னா லைனர் ஊத்தையே அடைச்சிடும். ஜாயிண்ட் எல்லாம் மரை போட்டது, வெளிப்பக்கம் புடைப்பு இல்லாம ஒரே வழவழப்பு. பசை ஒட்டி மேல ஸ்குரு அடிக்கிறவங்களும் இருக்காங்க, ஸ்குரு நீளம் தப்பினா முனை உள்ள நீட்டிக்கிட்டு கேபிளை கிழிச்சிடும். லைனரோட அடியில வெளிப்பக்கமா குடை மாதிரி ரப்பர் பேக்கர், அது பாறை சுவரை புடிச்சுக்கிட்டு மேல இருந்து ஊத்துறது கீழ போகாம தாங்கும். அந்த ரப்பரை இறக்கறதுக்கு முன்னாடி என் கையில குடுத்து அமுக்கி பார்க்க சொன்னார், நல்ல தடிமன்.

பேக்கர் மேல முதல்ல பெண்டோனைட் குருணை. அது ஒருவகை களிமண்ணு, தண்ணி பட்டா நல்லா உப்பி அடைச்சுக்கும், அதை ஒரேயடியா கொட்டினா நடுவுலயே பாலம் கட்டி நின்னுக்கும், அதனால கை கையா மெதுவா போட்டு ஊற விட்டாங்க. அதுக்கு மேல சிமெண்ட் பால். மேல இருந்து வாளியில ஊத்தல, லைனர் கூடவே பக்கத்துல ஒரு மெல்லிசு ஹோஸை அடி வரைக்கும் இறக்கி வச்சிருந்தாங்க, அது வழியா அடியில இருந்து நிரப்பிக்கிட்டே ஹோஸை கொஞ்சம் கொஞ்சமா மேல இழுத்தாங்க. மேல இருந்து ஊத்தினா தண்ணியில கரைஞ்சு பிரிஞ்சு அங்கங்க வெத்து இடம் விழுந்துடும். கலவை 50 கிலோ மூட்டைக்கு சுமார் 25 லிட்டர் தண்ணி, மணல் இல்ல, கட்டி இல்லாம சல்லடையில வடிகட்டி.

இங்க நீங்களே செக் பண்ணிக்க ஒரு வழி இருக்கு. எங்க சைஸுக்கு அந்த கேப் மீட்டருக்கு 8லிருந்து 9 லிட்டர், 75 அடின்னா கிட்டத்தட்ட 23 மீட்டர், பெண்டோனைட் போக 190 லிட்டர் வாக்கில வேணும். ஒரு மூட்டை சிமெண்ட் பாலா ஆனா 40 லிட்டர் சொச்சம் வரும். அப்ப கிட்டத்தட்ட 5 மூட்டை உள்ள போயே ஆகணும், ஓட்டைக்கு வெளிப்பக்கம் மண்ணு அரிச்சு போன பொந்து இருந்தா அதுக்கு மேலயும் போகும். எங்களுக்கு ரெண்டு மூட்டை ஜாஸ்தியாவே போச்சு. யாராவது ஒரு மூட்டையை கலக்கி மேல மேல ஊத்திட்டு சீல் போட்டாச்சுன்னு சொன்னா அது சீலே இல்ல. பக்கத்துல நின்னு மூட்டையை எண்ணுங்க.

இன்னொண்ணு, ஒரே மூச்சுல முழுசா ஊத்தல. சிமெண்ட் பால் தண்ணியை விட ஏறக்குறைய 1.8 மடங்கு கனம், மொத்தமா ஊத்தினா அந்த அழுத்தத்துல பிவிசி உள்பக்கமா நசுங்கலாம், போதாததுக்கு சிமெண்ட் இறுகும்போது சூடு வேற வரும், சூட்டுல பிவிசி இளகும். அதனால ஒரு பகுதி ஊத்தி, இறுக விட்டு, மறுநாள் அடுத்த பகுதி. லைனர் மேல மிதந்து வராம இருக்க கிளாம்ப் போட்டு அழுத்தி கட்டி வச்சாங்க, பிவிசி தண்ணியில முங்கும் ஆனா சிமெண்ட் பால்ல மிதக்கும், நான் இதை அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன், கிளாம்ப் லேசா மேல தூக்கி இறுகுச்சு.

மேல வாய் தரையில இருந்து ஒரு அடிக்கு மேல நிக்குது, சுத்தி வெளிப்பக்கம் சரிவா கான்கிரீட் தளம், மூடிக்கு ரப்பர் கேஸ்கெட், காத்து போற குழாய்க்கு வலை. சிமெண்ட் நல்லா இறுகினப்புறம் குளோரின் போட்டாங்க. 5 சதவீத திரவ குளோரின்னா 1000 லிட்டர் தண்ணிக்கு 2 லிட்டர் போட்டா 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) வரும், வாசனை சேர்த்ததா இருக்கக்கூடாது. அதை வீட்டு பைப் லைன் வரைக்கும் ஓடவிட்டு, ஃபில்டரை பைபாஸ் பண்ணிட்டு, ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சு, மறுநாள் வாசனை போற வரைக்கும் வெளிய விட்டோம். செடிக்கும் விடக்கூடாது செப்டிக் டேங்குக்கும் விடக்கூடாது. அப்புறம் சில நாள் கழிச்சு லேப்ல குடுத்து டெஸ்ட், குடிதண்ணிக்கு 100 மில்லியில ஈகோலை (மலம் கலந்திருக்குன்னு காட்டுற கிருமி) ஒண்ணுகூட இருக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. எங்க ரிப்போர்ட் சுத்தமா வந்துச்சு, அது வர்ற வரைக்கும் காய்ச்சித்தான் குடிச்சோம்.

குறைச்ச 1 மார்க்குக்கு காரணம் இதுதான். கேமரா வீடியோவை கேட்டு கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்துச்சு. எத்தனை அடியில பேக்கர், எத்தனை மூட்டை, என்ன பைப்புன்னு எழுதி குடுக்கிற பழக்கமே இல்ல, நான் பேப்பர்ல எழுதி மேஸ்திரிகிட்ட கையெழுத்து வாங்கினேன், நாளைக்கு வேற யாராவது இந்த போர்ல கை வச்சா அந்த பேப்பர் இல்லாம ஒண்ணும் புரியாது. பம்பு மாத்த வேண்டி வரும்ங்கறதை கேமரா பார்த்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம், லைனர் வந்து இறங்கினப்புறம்தான் சொன்னாங்க. தேச்சு எடுத்த துரு சேறை ஓரமா கொட்டிட்டு போயிட்டாங்க. வேலை தரத்துல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஆனா இதெல்லாம் சரி பண்ணிக்கிட்டா முழு மார்க் குடுக்கலாம்.

எல்லா போருக்கும் இது ஒத்து வராது. கேசிங் வளைஞ்சிருந்தா நீளமான பைப் இறங்காது. ஏற்கனவே 4 இஞ்ச் கேசிங்னா லைனர் போட்டப்புறம் பம்புக்கு இடமே இருக்காது. பாறை ஓட்டை உள்ளயே சரிஞ்சிருந்தாலோ அடியில தண்ணியே குறைஞ்சிருந்தாலோ புது போர்தான். அப்படி புதுசுக்கு போனா பழசை ஒரு கல்லை வச்சு மூடிட்டு விடாதீங்க, அடியில இருந்து களிமண்ணும் சிமெண்ட்டும் போட்டு நிரப்பணும், இல்லன்னா அதே ஓட்டை வழியா அழுக்கு இறங்கி பக்கத்துல போட்ட புது போர் தண்ணியையும் கெடுக்கும்.

ஆள் கூப்பிடறதுக்கு முன்னாடி போன்லயே கேமரா இருக்கா, லைனருக்கும் கேசிங்குக்கும் நடுவுல என்ன போட்டு எப்படி அடைப்பீங்கன்னு ரெண்டு கேள்வி கேளுங்க. "அதெல்லாம் தானா மண்ணு புடிச்சுக்கும் சார்"னு பதில் வந்தா போனை வச்சுட்டு வேற டீம் பாருங்க.

எங்களுக்கு இந்த மழைக்கு கலங்கல் வரல, மூடியை கழட்டி கேட்டா சொட்டுற சத்தமும் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை லேப் டெஸ்ட் குடுக்கிறதா வச்சிருக்கோம். அடுத்து எப்ப பம்பு தூக்கினாலும் மறுபடி கேமரா விட்டு பழைய வீடியோவோட வச்சு பார்க்கப் போறேன், முக்கியமா அந்த 60லிருந்து 75 அடி வரைக்கும், பேக்கர் உக்காந்த இடத்துல ஏதாவது ஈரக்கோடு தெரியுதான்னு. தெரிஞ்சா இங்கயே அப்டேட் போடறேன்.